ஊழிவெள்ளம்: கதையும் கணக்கும்



சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு வெள்ளக் கதை கிடைக்கும். 2015 டிசம்பரில் தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறியது, யார் வீட்டு மொட்டை மாடியில் எத்தனை குடும்பங்கள் தங்கின, பால் பாக்கெட் என்ன விலைக்கு விற்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உங்களில் பலர் அப்போது சிறு குழந்தைகள். ஆகவே அந்த வெள்ளம் உங்களுக்குக் கண்ட செய்தியன்று, கேட்ட கதை. பத்தே ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சி கதையாகி விடுகிறது என்றால், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளம் என்ன ஆகியிருக்கும்?

உலகின் பழைய நாகரிகங்கள் பலவற்றில் ஒரு பெருவெள்ளக் கதை உண்டு. வானம் பொத்துக் கொண்டு பெய்கிறது, நிலம் மூழ்குகிறது, ஒரு சிலர் மட்டும் பிழைக்கிறார்கள். இத்தனை நாட்டினரும் இப்படிச் சொல்வதால், உலகம் முழுவதுமே ஒரு முறை மூழ்கியதோ என்ற ஐயம் எழுவது இயற்கை. அந்த ஐயத்தை இயற்பியல் முறையில் ஆராய்வோம். முதலில் கதைகளைக் கேட்போம். பிறகு கணக்குப் போடுவோம்.

களிமண் பலகையில் ஒரு கதை

1872-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்ற அறிஞர் ஒரு கட்டுரை படித்தார். இன்றைய இராக்கில் உள்ள நினிவே நகரில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் ஒரு வெள்ளக் கதை இருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். கில்காமேஷ் காவியத்தின் பதினோராவது பலகை அது. உட்னபிஷ்டிம் என்பவனுக்கு ஒரு தெய்வம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அவன் பெரிய கலம் ஒன்றைக் கட்டுகிறான். ஆறு பகலும் ஏழு இரவும் புயல் வீசுகிறது. பின்னர் அவன் ஒரு புறாவையும், ஒரு தகைவிலானையும், ஒரு காகத்தையும் வெளியே விட்டுத் தரை தெரிகிறதா என்று பார்க்கிறான். முதல் இரண்டும் திரும்பி வந்தன. காகம் திரும்பவில்லை, ஆகவே எங்கோ தரை இருக்கிறது என்று அறிந்தான்.

பைபிளின் நோவா கதையிலும் மழை நாற்பது நாள் பெய்கிறது. காகமும் புறாவும் அனுப்பப்படுகின்றன. குர்ஆனில் நூஹ் நபியின் வரலாறு இருக்கிறது. இந்தக் கதைகள் ஒன்றையொன்று அடுத்திருந்த நாடுகளில் வழங்கியவை. யூப்ரட்டீஸ், டைகிரிஸ் ஆறுகளின் சமவெளியில் எழுதப்பட்ட அத்ரஹாசிஸ் என்ற கதையின் பலகைகள் கி.மு. 1700-ஐ ஒட்டியவை. ஆக, கதை ஊர் விட்டு ஊர் சென்றிருக்கிறது என்று கொள்வதில் தடையில்லை.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. 2014-இல் இர்விங் ஃபிங்கெல் என்ற அறிஞர் இன்னொரு பாபிலோனியப் பலகையை வெளியிட்டார். அதில் வரும் கலம் நீண்ட கப்பலன்று. கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, மேலே கீல் பூசிய வட்டமான படகு! ஒகேனக்கல்லில் நீங்கள் பரிசலில் போயிருந்தால் அது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இராக் நாட்டு ஆறுகளிலும் அண்மைக்காலம் வரை அப்படிப்பட்ட வட்டப் படகுகள் ஓடின. கதை சொன்னவர் தம் ஊர்ப் படகையே மிகப் பெரிதாக்கிச் சொல்லியிருக்கிறார்.

மீனும் மலையும்

நம் நாட்டின் சதபத பிராமணத்தில் மனுவின் கைக்கு ஒரு சிறு மீன் வருகிறது. அவன் அதை வளர்க்கிறான். அது பெரிதாகி, வெள்ளம் வரும்போது அவனுடைய கலத்தைத் தன் கொம்பில் கட்டி வடக்கு மலைக்கு இழுத்துச் செல்கிறது. இதே கதை பாகவதத்தில் வரும்போது மன்னன் திராவிட நாட்டைச் சேர்ந்த சத்தியவிரதன் ஆகிறான்; மீன் கிடைத்த ஆறு கிருதமாலை ஆகிறது. கிருதமால் என்ற பெயரில் மதுரையில் இன்றும் ஓர் ஆறு உண்டு. கதை தெற்கே வந்தபோது ஆற்றின் பெயரும் நம் பக்கத்துப் பெயராகி விட்டதைக் கவனித்தீர்களா?

கிரேக்கத்தில் டியூகலியனும் அவன் மனைவி பிர்ராவும் ஒரு பேழையில் மிதந்து பர்னாசஸ் மலையில் ஒதுங்குகிறார்கள். சீனக் கதை வேறு வகை. அங்கே யாரும் படகில் ஏறித் தப்பவில்லை. குன் என்பவர் அணை போட்டு வெள்ளத்தைத் தடுக்க முயன்று தோற்றார். அவர் மகன் யூ கால்வாய்களை வெட்டி நீரைக் கடலுக்குப் போக்கி வெற்றி பெற்றார். மஞ்சள் ஆற்றின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு வெள்ளம் என்பது ஒரு பொறியியல் கணக்கு! எகிப்திலோ, நைல் நதியின் வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டு வந்து வயலை வளப்படுத்தியது. அங்கே வெள்ளம் வராத ஆண்டுதான் பஞ்ச ஆண்டு.

நம் கடல்கோள்

தமிழில் என்ன கதை? இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களைப் பற்றிச் சொல்கிறது. முதற்சங்கம் இருந்த தென்மதுரையைக் கடல் கொண்டது. இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது. கடைச்சங்கம் இன்றைய மதுரையில் கூடியது. பஃறுளியாற்றையும் குமரியையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினம் கடலால் அழிந்ததை மணிமேகலை கூறுகிறது. இவை தவிர, ஊழிக்காலத்தில் மிதந்து வந்த குடத்தைக் கொண்டு கும்பகோணத்தின் பெயருக்கும், மிதந்த தோணியைக் கொண்டு சீர்காழியின் தோணிபுரம் என்ற பெயருக்கும் தலபுராணங்கள் காரணம் சொல்கின்றன.

கடல்கோள் கதைகளை மற்ற நாட்டுக் கதைகளோடு ஒப்பிடுங்கள். இங்கே நாற்பது நாள் மழை இல்லை, பேழை இல்லை, உலகம் முழுவதும் அழியவும் இல்லை. கடல் வந்து நிலத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கொள்கிறது. மக்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்து வேறு தலைநகர் அமைக்கிறார்கள். ஆற்றுச் சமவெளிக்காரர் ஆற்று வெள்ளத்தைச் சொன்னார். கடற்கரை நாட்டவராகிய நாம் கடலைச் சொன்னோம். ஒவ்வொரு கதையிலும் வருவது அந்தந்த ஊர்த் தண்ணீர்தான்.

இது ஓர் ஊகம். இதற்குக் கணக்கு துணை நிற்கிறதா என்று பார்ப்போம்.

காகிதமும் பென்சிலும் எடுங்கள்

உலகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்ட் மூழ்க எவ்வளவு நீர் வேண்டும்? பூமியின் மேற்பரப்பு ஏறக்குறைய 51 கோடி சதுர கிலோமீட்டர். எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர், அதாவது சுமார் 8.85 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 450 கோடி கன கிலோமீட்டர் வருகிறது. நிலத்தின் மேடுகள் அடைத்துக் கொள்ளும் இடத்தைக் கழித்தாலும் இந்த எண் பெரிதாகக் குறையாது. உலகக் கடல்கள் அனைத்திலும் இப்போது உள்ள நீரோ சுமார் 134 கோடி கன கிலோமீட்டர்தான். இருக்கும் கடலைப் போல இன்னும் மூன்று கடல்களுக்கு மேல் வேண்டும்!

அந்த நீர் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா? அண்டார்க்டிகா, கிரீன்லாந்து ஆகியவற்றின் பனி முழுவதும் உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய 65 மீட்டர் உயரும். ஆவடியும் அம்பத்தூரும் மூழ்கிப் போகும். ஆனால் பரங்கிமலையின் உச்சி அப்போதும் நீருக்கு மேலே தலைநீட்டிக் கொண்டிருக்கும். நிலத்தடி நீரையெல்லாம் இறைத்துக் கொட்டினாலும் இன்னும் சில பத்து மீட்டர்தான் சேரும்.

மேகத்தில் இருக்கிறதே என்பீர்கள். காற்றுமண்டலத்தில் உள்ள நீராவி அனைத்தும் ஒரே நேரத்தில் மழையாகி, உலகம் முழுவதும் சமமாகப் பெய்தால் எவ்வளவு நீர் நிற்கும் தெரியுமா? சுமார் 2.5 சென்டிமீட்டர். உங்கள் கணுக்கால்கூட நனையாது. தொடர்ந்து நாற்பது நாள் பெய்தாலும் பயனில்லை. மழைக்கான நீர் கடலிலிருந்து ஆவியாகித்தான் வர வேண்டும். கடலிலிருந்து எடுத்துக் கடலுக்கே கொடுத்தால் கடல் மட்டம் எப்படி உயரும்?

இப்போது ஒரு கேள்வி. உலகச் சராசரி 2.5 சென்டிமீட்டர்தான் என்றால், 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை எப்படிப் பெய்தது? வங்கக் கடலின் மேல் பரந்து கிடந்த ஈரக்காற்று அங்கே வந்து குவிந்தது. 47-ஐ 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் அவ்வளவு மழை பெய்ய, ஏறக்குறைய 19 சதுர கிலோமீட்டர் வானத்தின் சராசரி நீராவி ஓரிடத்தில் சேர வேண்டும். ஓரிடத்தில் குவிகிறது என்றால் வேறிடங்களில் குறைகிறது என்று பொருள். ஆகவே மழை வெள்ளம் என்பது தன் இயல்பிலேயே ஓர் ஊரின் வெள்ளம், ஒரு நாட்டின் வெள்ளம். ஒரே நேரத்தில் உலகம் முழுவதும் மழை வெள்ளம் வர இயற்பியல் இடம் தருவதில்லை.

ஆனால் ஊர் வெள்ளத்தை அற்பமாக நினைத்து விடாதீர்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 47 சென்டிமீட்டர் மழை என்றால் 47 கோடி லிட்டர் நீர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் ஏறக்குறைய 39,000 லாரி. அதன் நடுவில் நிற்பவனுக்கு உலகமே மூழ்கியதாகத்தான் தோன்றும். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய உலகம் அவ்வளவுதான்.

மண்ணின் சாட்சி

1929-இல் லியனார்டு வூலி என்ற தொல்லியல் அறிஞர் இராக்கின் ஊர் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது, சுமார் 3 மீட்டர் கனத்தில் தூய வண்டல் படிவு ஒன்றைக் கண்டார். அதற்குக் கீழே மீண்டும் மனிதர் வாழ்ந்த தடயங்கள் இருந்தன. நோவாவின் வெள்ளம் இதுதான் என்று அவர் கருதினார். பிறகு கிஷ், ஷுருப்பாக் ஆகிய நகரங்களிலும் வண்டல் படிவுகள் கிடைத்தன. ஆனால் அவற்றின் காலங்கள் ஒத்துப் போகவில்லை. ஒரே வெள்ளமாக இருந்தால் எல்லா ஊரிலும் ஒரே காலத்துப் படிவு அல்லவா இருக்க வேண்டும்? பல ஊர்களில் பல காலங்களில் வந்த பல வெள்ளங்கள் அவை என்பதே முடிவாயிற்று.

கூர்மையான மாணவர் ஒருவர் இன்னொரு தடை எழுப்பலாம்: இமயமலையின் மேல் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றனவே? உண்மைதான். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் அம்மோனைட் என்ற கடல் உயிரியின் படிவங்களே. அரியலூர்ப் பகுதியிலும் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் இவை மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முற்பட்டவை. இமயமலையில் நீர் மேலே ஏறவில்லை. கடலின் அடித்தரைதான் மலையாக உயர்ந்தது. அரியலூரில் பழங்காலக் கடல் நிலத்துக்குள் வந்து, நெடுங்காலம் தங்கி, பின்வாங்கியது.

கடல் ஏறிய வேகம்

கடல்கோளுக்கு வருவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழமே உடையது. ஆகவே அந்நாளில் இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியதால் கடல் ஏறத் தொடங்கி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய நிலையை எட்டியது.

13,000 ஆண்டுகளில் 120 மீட்டர். சராசரி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இது அற்பம் என்று தோன்றுகிறதா? ஒருவருடைய அறுபது ஆண்டு வாழ்நாளில் 55 சென்டிமீட்டர். கரை ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால், கடல் 550 மீட்டர் உள்ளே வந்து விடும். தாத்தா வீடு கட்டிய இடத்தில் பேரன் மீன் பிடிப்பான்! ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கடல் ஏறிய கதைகளை 21 இடங்களில் ஆராய்ந்த பேட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் ஆகியோர், அவை 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நினைவாக இருக்கலாம் என்று கருதுகின்றனர்.

நம் கடல்கோள் செய்திகளும் அவ்வளவு பழைய நினைவா? அப்படி உறுதியாகச் சொல்லச் சான்றில்லை. விரைவாக வரும் கடல்கோளும் உண்டு. புயலின் நடுவே காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும்பும். அதன்மேல் காற்று நீரைக் கரைக்குத் தள்ளும். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் தனுஷ்கோடியை அழித்தது இத்தகைய புயல் அலைதான். ஓரிரவில் ஓர் ஊர் போவதைத் தமிழகம் கண்ணாரக் கண்டது.

லெமூரியாக் கண்டத்தைப் பற்றியும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர், லெமூர் இனத்தின் பரவலை விளக்க அப்படியொரு கண்டம் இருந்திருக்க வேண்டும் என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்பது பின்னாளில் உறுதியானபோது அந்த ஊகம் தேவையற்றதாகி விட்டது. குமரிக்குத் தெற்கே சற்றுத் தொலைவு சென்றால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம்; அங்கே மூழ்கிய கண்டம் எதுவும் இல்லை. ஆனால் கரையை ஒட்டிய ஆழமற்ற நிலப்பகுதி மூழ்கியது உண்மை. பெருமைக்காகக் கதையை வளர்க்கவும் வேண்டாம். கண்டம் இல்லை என்பதற்காக நிலம் போனதை மறுக்கவும் வேண்டாம்.

உயிர் காத்த கதை

அப்படியானால் இந்தக் கதைகளால் என்ன பயன்? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி எழுந்தது. அதற்கு மிக அருகில் இருந்த சிமெலு தீவில் ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்தனர். இறந்தவர் ஏழே பேர். காரணம் ஒரு கதை. 1907-இல் அங்கே வந்த பேரலையை அவர்கள் ஸ்மோங் என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் பாட்டிலும் வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், உடனே மலைக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். மக்கள் ஓடினார்கள், பிழைத்தார்கள்.

அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல்கோளைப் பற்றிப் பாடியவர்கள் நாம். ஆனால் கடல் எதை எடுத்துக் கொண்டது என்று நம் கதை சொன்னது. வருமுன் என்ன அடையாளம் காட்டும், எங்கே ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. அளவும் அடையாளமும் உள்ள கதைதான் அடுத்த தலைமுறையைக் காக்கும்.

நீங்கள் எழுத வேண்டிய கதை

உங்கள் ஊரின் வெள்ளக் கதையில் வருவது கடலன்று, ஏரி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். 2015-இல் மட்டுமன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆவடியில் 28 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மீண்டும் வரும். ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் ஒன்றை மரம், கூரை மறைக்காத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். அதுவே உங்கள் மழைமானி. பாத்திரத்தின் அகலம் கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது. ஏன் என்று சிந்தியுங்கள்.

2. 2015-இலும் 2023-இலும் உங்கள் தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று குறைந்தது ஐந்து வீடுகளில் தனித்தனியாகக் கேளுங்கள். ஐந்து விடைகளும் ஒத்துப் போகின்றனவா? கதை எவ்வாறு வளர்கிறது என்பது உங்களுக்கே விளங்கும். சுவரில் கறை இருந்தால் அதை அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள்.

3. உங்கள் ஊர் ஏரியின் மதகு எங்கே, கலங்கல் எங்கே, உபரிநீர்க் கால்வாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று பெரியவர்களுடன் பகலில் சென்று பார்த்து வரைபடம் போடுங்கள். கால்வாய் காணாமல் போயிருந்தால் அதையும் குறியுங்கள். யூ கால்வாய் வெட்டி வெள்ளத்தை வென்றார். நாம் கால்வாயைத் தூர்த்துவிட்டு வானத்தைக் குறை சொல்லலாகாது.

இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதித் தேதியிட்டு, பள்ளி நூலகத்தில் வையுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து அதே பெஞ்சில் உட்காரும் மாணவனுக்கு உங்கள் வெள்ளக் கதை கிடைக்கும். அதில் எத்தனை சென்டிமீட்டர் என்பதும், எந்தப் பக்கம் மேடு என்பதும் இருக்கட்டும்.